ஏழு தரம் கழுவிய கை

கொண்டுவந்த வெறுஞ்சாக்கை வேலியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வளவுக் கச்சிமுகம்மது காக்கா வாயைத் திறந்தார்.

"இந்த நஜீஸ் நாய வளவுக்குள்ள வெச்சிக்கிட்டு எப்பிடித்தான் தொழுறீங்களோ, புள்ள சுஹறா? தம்பி காலிதீன் ஓம் எண்டிட்டாரு. சாக்குல கட்டிக் காரைதீவுப் பக்கம் உட்டுட்டு வரட்டும்."

சுஹறாவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே வராதா? அந்தச் செவலை நாய் முதுகு வெந்து, தோல் உரிந்து, புழு வைத்துக் கிடந்ததை இந்தத் தெருவே பார்த்தது. பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. புழுவை ஒவ்வொன்றாக எடுத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசியவள் இவள் ஒருத்திதான்.

இன்று காலையில்தான் அது நாலு காலில் எழுந்து நின்று கஞ்சி குடித்தது. அதற்குள் சாக்கு வந்துவிட்டது.

ஆறாத முதுகோடு சாக்கில் கட்டிக்கொண்டு போனால் வழியிலேயே செத்துப்போகும். அது தெரியாதா இந்த மனிசனுக்கு?

சூறாவளி அடித்த கிழமை இதே தெரு முழுவதும் பள்ளிக்கூடத்து வாங்குகளில் படுத்துக் கிடந்தது. அப்போது எல்லோரும் தெருநாய்தான். யாரும் யாரையும் சாக்கில் கட்டவில்லை.

அவள் புருஷன் காலிதீன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்சாதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சுஹறா விறுவிறுவென்று கிணற்றடிக்குப் போனாள். மருந்து பூசும்போது நாய் நக்கிய கை. மார்க்கம் சொன்னபடி, முதல் தரம் மண் போட்டுத் தேய்த்தாள். பிறகு வெறும் தண்ணீரில் ஆறு தரம். தினமும் இப்படித்தான், ஒரு தரம்கூடக் குறைத்ததில்லை. இன்றைக்கு எல்லோரும் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினாள்.

நிமிர்ந்தாள்.

"நாய் நக்கின கைக்கு ஏழு தரம். சுடுதண்ணி ஊத்தின கைக்கு எத்தின தரம் காக்கா? ஓதிப் படிச்ச ஆள்தானே, சொல்லுங்களன்!"

கச்சிமுகம்மதுவின் முகம் கறுத்தது. வல்லாஹி, தான் ஊற்றவில்லை என்று பள்ளிவாசல் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினார்.

உண்மைதான். அவர் ஊற்றவில்லை. அது சுஹறாவுக்கும் தெரியும்.

வேலிக்கு வெளியே நாயைக் கண்ட அன்று, அதன் பக்கத்தில் மூடி கழன்று, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் ஒன்றும் கிடந்தது. அவள்தான் அதை எடுத்து வந்தாள். சாம்பல் போட்டு விளக்கி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், தன் அடுப்படியில் அது எப்போதும் இருக்கும் இடத்திலேயே வைத்தாள்.

காலிதீன் சைக்கிளை வேலியில் சாய்த்தான். கிணற்றடிக்கு வந்து, குனிந்து, ஒரு பிடி மண்ணை அள்ளினான்.

ஏழு தரம் முடிந்தது. அவன் நிறுத்தவில்லை.