பாவ அறிக்கை

மூன்றாவது கீமோ முடிந்து வீடு திரும்பிய ஞானப்பூவைப் பார்க்கச் சபையிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். முடிந்ததும் மூப்பர் தேவசகாயம் குனிந்து, "மறைச்சு வச்ச பாவம் ஏதும் இருந்தா அறிக்கை செஞ்சிரும்மா. அப்பத்தான் சுகம் கிடைக்கும்" என்றார்.

ஞானப்பூவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மொட்டைத் தலையிலிருந்து துண்டு நழுவ எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரியில நாலு வயசுப் பிள்ளைக்கும் மருந்து ஏத்துறாங்க. அது என்ன பாவம் செஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போங்க!"

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கும் ரூபி மட்டும் போகவில்லை. ஞானப்பூ வாந்தியெடுத்தபோது வாளியைப் பிடித்தாள், வாயைத் துடைத்துவிட்டாள்.

"நீ ஏன் போகல? நீயும் ஜெபம் பண்ணப் போறியா?"

"இல்லக்கா, கஞ்சி வைக்கப் போறேன்" என்று ரூபி அடுக்களைக்குப் போனாள்.

நோய் வந்த நாளிலிருந்து கடவுளிடம் ஒரு வார்த்தை பேசாதிருந்த ஞானப்பூ, கூரையைப் பார்த்துக் கத்தினாள்: "ஆண்டவரே, உம்ம பேரைச் சொல்லி என்ன பேச்சுப் பேசிட்டுப் போறாங்கன்னு கேட்டீரா? உமக்கு ரோஷமே வராதா?"

"ஆமென்!" என்று அடுக்களையிலிருந்து கோபமாக வந்தது ரூபியின் குரல்.