சிஸ்டரிடம் மட்டும்

அவன் வயிற்றின்மேல் அவள் கை இருந்தது.

அவள் என்றால் பெண்டாட்டி இல்லை. ஜெசிந்தா சிஸ்டர்.

பெண்டாட்டி தனக்கொடி, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் வலது விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்தினாள். "இங்க வலிக்காண்ணே?"

"லேசா, சிஸ்டர். அதுக்குக் கொஞ்சம் மேல."

அடேயப்பா, என்ன குழைவு!

தனக்கொடி கேட்டால் ஒரே பதில்தான். "ஒண்ணுமில்லட்டி." கல்யாணமான நாளிலிருந்து அதுதான். காய்ச்சலில் அனத்தும்போதும் அதுதான். கேஸ் சிலிண்டர் போடப்போன வீட்டு மாடிப்படியில் வழுக்கி, நிறைசிலிண்டர் விலாவில் வந்து இடித்த அன்றைக்கும் அதேதான். சொல்லிவிட்டுச் சோறு தின்றான். கை கழுவப் போனவன் மயங்கி விழுந்தான்.

ஈரல் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். கத்தி வைக்க வேண்டியதில்லை, அசையாமல் கிடந்தால் தானே ஆறிவிடும். ஆனால் மறுபடி உள்ளே ரத்தம் கசிகிறதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"அடிபட்டதும் ஏம்மா கூட்டிட்டு வரல?" என்று அவளைத்தான் ஏசினார்.

அடிபட்ட கதையையே சிஸ்டர் வாயால்தான் அவள் கேட்டாள். எந்த வீடு, எந்தப் படி, எப்படிக் கத்தினான், எல்லாம் சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. தாலி கட்டிக்கொண்டவளுக்குத் தெரியவில்லை.

கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். ஆற்றிக் கொண்டுவந்தாள். வேண்டாமென்று முகத்தைத் திருப்பினான். "குடிங்கண்ணே" என்று சிஸ்டர் சொன்னதும் பாதித் தூக்குவாளி காலி.

வயிறு எரிந்தது அவளுக்கு.

மறுநாள் காலை சிஸ்டர் அடுத்த வார்டுக்குப் போயிருந்தாள். தனக்கொடி சுற்றுமுற்றும் பார்த்தாள். போர்வையை விலக்கி, சிஸ்டர் வைக்கிற அதே இடத்தில் கையை வைத்தாள்.

ஏன், நான் தொட்டால் ஆகாதா?

வயிறு பலகையாய் இறுகிக் கிடந்தது.

"வலிக்கா?"

"ஒண்ணுமில்லட்டி."

நெற்றியெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

ஓடினாள். யாரைக் கண்டால் பற்றிக்கொண்டு வந்ததோ, அந்த சிஸ்டரையே கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

சிஸ்டர் தொட்டாள். முகம் மாறியது. "எப்ப இருந்துண்ணே?"

"விடியுறதுக்கு முன்ன இருந்தே, சிஸ்டர்."

பாவி மனுசன்.

டாக்டர் வந்தார். ரத்தம் கசிகிறது, உடனே ஆபரேஷன் என்றார். ஸ்ட்ரெச்சர் உருண்டது. தனக்கொடி கூடவே ஓடினாள், ஒரு கால் செருப்பு எங்கேயோ போயிற்று.

ஆபரேஷன் தியேட்டர் வாசல். சிஸ்டர் கதவைத் தள்ளினாள். அவன் கை நீண்டு தனக்கொடியின் முந்தானையைப் பிடித்தது.

"ஏட்டி... தாங்க முடியல. பயமா இருக்கு."

இத்தனை வருசமாய் அவள் கேட்க ஏங்கியது இதைத்தான்.

முந்தானையாலேயே அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.