முப்பத்தெட்டு அங்குலம்

"சமையல் மேடையை அவர் உயரத்துக்கே வச்சிரும்மா" என்றார் வனஜா.

தேஜஸ்வினி டேப்பைச் சுருட்டினாள். பாணேரில் பன்னிரண்டு வருடமாகக் கிச்சனும் பாத்ரூமும் வடிவமைக்கிறாள். இப்படி ஒரு கொடுமையைக் கண்டதில்லை. கணவர் பக்தவத்சலம் ஆறடி. வனஜா ஐந்தடிகூட இல்லை.

"தோள்பட்டை போயிடும் ஆன்ட்டி. சமைக்கிறவங்க உயரம்தான் கணக்கு."

"அதனாலதான் சொல்றேன். முப்பத்தெட்டு அங்குலம்."

விமானப்படையில் ரிடயர் ஆகி, லோஹேகாவ் குவார்ட்டர்ஸிலிருந்து இங்கே குடிவரப்போகும் பக்தவத்சலம், பால்கனியில் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இந்த ஆளுக்கு மேடைகூட சல்யூட் அடிக்கணுமா என்று தேஜஸ்வினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லாமல் முப்பத்திரண்டு அங்குலத்தில் மேடையைக் கட்டி, கிரானைட்டும் பதித்துவிட்டாள்.

பால் காய்ச்சும் நாளன்று வனஜா மேடை முன் நின்றார். அவர் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. கண்கள் கலங்கின.

"தேங்க்ஸ் எல்லாம் வேண்டாம் ஆன்ட்டி" என்றாள் தேஜஸ்வினி பெருமையாக.

"தேங்க்ஸா? முப்பத்தஞ்சு வருஷம் நான் சமைச்சாச்சு, இனிமே நீங்கதான்னு சண்டை போட்டு இப்பதான் அவரைச் சம்மதிக்க வச்சேன். கெடுத்திட்டியேம்மா!"

பின்னாலேயே வந்த பக்தவத்சலம் மேடையில் கை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடா, குனிஞ்சில்ல சமைக்கணும்! டாக்டர் என்னைக் குனியவே கூடாதுன்னிருக்கார்."

தேஜஸ்வினியிடம் திரும்பினார்.

"உனக்கு என்ன ஸ்வீட்மா பிடிக்கும்? ஆன்ட்டி பண்ணித் தருவா."