அடுப்பு மூட்டின இடம்

“ஏனுங்கம்மா, அஞ்சு வருசம் கவுன்சிலரா இருந்து என்னத்தைச் செஞ்சீங்க? எந்த மூஞ்சியோட ஓட்டுக் கேக்க வாரீங்க?”

அப்துல் வஹீது பாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

கோட்டைமேட்டுச் சந்தில் பாயின் பிரியாணிக் கடை வாசலில்தான் ஊர் வம்பு, உலக அரசியல் எல்லாம். பாய் யாரைக் கை காட்டுகிறாரோ அவருக்கே தெரு ஓட்டுப் போடும். அது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தெரியும்.

கவுன்சிலர் ராமாமணி கைகூப்பி நின்றார். பாய் விடுவதாக இல்லை.

“செஞ்சது ஒண்ணே ஒண்ணு. சாக்கடை கட்டறேன்னு ரெண்டு வருசம் முந்திக் கோடை முழுக்கத் தெருவைத் தோண்டிப்போட்டு, என்ற யாவாரத்தைப் படுக்க வெச்சீங்க. இந்தத் தெருவுல உங்களுக்கு என்ன பேரு தெரியுங்களா? குழியம்மா!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“பக்கத்து வார்டு சாய்சரணைப் பாருங்க. போன ஐப்பசி மழையில இடுப்பளவு தண்ணியில நின்னு, ஊடு ஊடாப் பிரியாணிப் பொட்டலம் குடுத்தாரு. டிவியில எல்லாம் காட்டுனாங்க. நீங்க ஒரு பொட்டலம் குடுத்தீங்களா?”

“இல்லீங்க பாய்.” ராமாமணியின் குரல் இறங்கிவிட்டது. “தோண்டினது நெசந்தானுங்க. உங்களுக்குச் சிரமம் குடுத்துப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. வாரேனுங்க.”

போகிற வழியில் சாக்கடைக் கம்பி வலையில் ஒரு பாலிதீன் பை ஒட்டிக் கிடந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தார்.

“ஓட்டுக் கேக்க வந்துபோட்டு குப்பை பொறுக்கறதைப் பாரு!” என்றார் பாய்.

உள்ளே பார்சல் கட்டிக்கொண்டிருந்த மனைவி சாஜிதா பேகம் எட்டிப் பார்த்தாள்.

“பாவமுங்க. அந்தம்மா தோத்துப்போயிருமாட்டத் தெரியுது.”

“தோக்கட்டும்!”

சாயங்காலம் பேண்டு வாத்தியம், பட்டாசு என்று அமர்க்களமாக வந்து இறங்கினார் சாய்சரண். அவருடைய வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் இந்தத் தடவை இங்கே நிற்கிறார். வந்ததும் வராததுமாகப் பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மைக்கில் முழங்கினார்.

“பாய் இல்லீனா அன்னைக்கு எங்க சனம் பட்டினிங்க! எங்க வார்டுல அடுப்பு வெக்கறதுக்கு ஒரு முழம் காஞ்ச தரை இல்லீங்க. இதே தெருவுல, இதே ரோட்டுல அடுப்பு மூட்டி, தேக்சா தேக்சாவாப் பிரியாணி ஆக்கி அனுப்புனாருங்க!”

பாய் பெருமையாகத் தாடியைத் தடவிக்கொண்டார்.

“என்னை ஜெயிக்க வெச்சுப் பாருங்க! அங்க எப்படி இருந்தனோ, அப்படியேதான் இங்கயும் இருப்பேன். இந்தத் தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னாலும், உங்க ஊடு தேடிப் பிரியாணி வருமுங்க!”

தெருவே கை தட்டியது. பாயும் தட்டத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

போன ஐப்பசியில் அன்றைக்கு வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, ரோட்டில் கல்லைக் கூட்டி, விறகைத் தரையில்தான் போட்டு வைத்தார். ஒரு கட்டைகூட நனையவில்லை. அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

காலடியில், அந்தக் குழியம்மா தோண்டிய குழிக்குள்தானே அவ்வளவும் ஓடியிருக்கிறது!

யா அல்லாஹ்! தெருவே கூடிச் சிரித்தபோதும் அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லையே அந்தம்மா. குப்பையை எடுத்துக்கொண்டல்லவா போனார்!

“என்னுங்க பாய், பேசாம நிக்கறீங்க? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க!” சாய்சரண் மைக்கை நீட்டினார்.

பாய் வாங்கிக்கொண்டார். தெரு அவர் வாயையே பார்த்தது.

“எல்லாஞ் செரிங்க தம்பி. இங்கயும் தண்ணி நின்னுபோச்சுன்னா, நான் அடுப்பை எங்கீங்க மூட்டறது?”