மிச்சமில்லாத பானை

"அந்தப் பானையை இப்படி வழிச்சுத் திங்கலைன்னாத்தான் என்னடா? அவ முன்னாடி ஒக்காந்துகிட்டு."

மூக்கம்மா கேட்டதும் ஞானசேகரனின் கை கொஞ்சம் நின்றது. பிறகு ஓரத்தில் ஒட்டியிருந்த சோற்றையும் கரண்டியால் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

மூக்கம்மா அவருடைய அக்கா. முந்தின நாள்தான் கூடலூரிலிருந்து பஸ் மாறி மாறிக் கீழ் கோத்தகிரிக்கு வந்திருந்தாள். தம்பி மனைவி அஞ்சலைக்கு உடம்பு எடை குறைய ஆப்பரேஷன் நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. முட்டிவலியில் மேடு ஏற முடியாமல் கிடந்தவளுக்குக் கோயம்புத்தூரில் வயிற்றையே சின்னதாக்கி அனுப்பியிருந்தார்கள்.

அஞ்சலைக்கு எதிரே ஒரு சின்னக் கிண்ணம். அதில் பாதிக்குத்தான் குழைய மசித்த பருப்புச் சோறு. ஒரு ஸ்பூன் வாயில் வைப்பாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மென்றுகொண்டே இருப்பாள். அப்புறம்தான் அடுத்தது.

"தண்ணி கொண்டாரட்டுமா?"

"சாப்பாட்டோட தண்ணி கூடாது மதினி. அரை மணி நேரம் போகணும்."

"கோழிக்குஞ்சு கூட இதைவிடத் தின்னும்." மூக்கம்மா தம்பி பக்கம் திரும்பினாள். "இவனைப் பாரு. பந்தியில ஒக்காந்த மாதிரி மூணாவது தட்டு."

அஞ்சலை சிரித்தாள். "விடுங்க மதினி. ஆப்பரேஷன் எனக்கு, பசி அவருக்கு. முன்னெல்லாம் ரெண்டு கரண்டிக்கு மேல வேணாம்பாரு. இப்பத்தான் நல்லா சாப்பிடுறாரு. பாக்கவே திருப்தியா இருக்கு."

"உனக்குத் திருப்தி, எனக்கு வயிறு எரியுது. சட்டை பட்டன் இழுத்துக்கிட்டு நிக்குது, அது தெரியுதா உனக்கு?"

ஞானசேகரன் மிச்ச ரசத்தையும் குடித்துவிட்டு, பானையில் தானே தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

மூக்கம்மா விடுவதாக இல்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பின்னாலேயே போனாள்.

அங்கே அவர் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. மூச்சு முட்டுது. கொஞ்ச நேரம் நின்னா சரியாயிடும்."

"முடியலைன்னா எதுக்குடா தின்னே?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அஞ்சலை இன்னும் கிண்ணத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல, ஒரு நாள் பானையில ரெண்டு கைச் சோறு மிச்சம் வச்சுட்டு பேக்டரிக்குப் போயிட்டேன். அப்ப அவளுக்குக் கஞ்சித் தண்ணி மட்டும்தான். திரும்பி வந்து பாத்தா, அந்தச் சோத்தைத் தின்னுட்டு வாந்தி எடுத்து வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கா. திரும்பவும் கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். இன்னொரு தடவை இப்படின்னா தையல் பிரிஞ்சுடும், உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பசி தாங்கலையாமா?"

"பசியே இல்லையாம். அவ சிலோன் தேயிலைத் தோட்டத்துல, கூலிக்காரங்க லயத்து வீட்டுல, சின்னப் புள்ளையா பஞ்சத்துல அடிபட்டவ. சாமி குடுத்த சோத்தைக் கொட்டக் கூடாதும்பா. மிச்சம் கண்ணுல பட்டா அவ கை சும்மா இருக்காது. இத்தனை வருசமா நானும் புள்ளைங்களும் மிச்சம் வச்சதெல்லாம் அவ வயித்துக்குள்ளதான் போச்சு. நாங்க அவளைக் குண்டு குண்டுன்னு கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சோம்."

மூக்கம்மா கொஞ்சம் யோசித்தாள். "வெளியில கொட்டிடேன்."

"கொட்டினா கரடி வருது. போன மாசம் பக்கத்து வீட்டுச் சமையக்கட்டுக் கதவையே பேத்துடுச்சு. பிரிட்ஜுல வச்சா அவ எடுத்துச் சூடு பண்ணிருவா."

"கம்மியா ஆக்குன்னு சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்றது? அன்னைக்கு ஆஸ்பத்திரி கட்டில்ல ஒக்காந்து, 'பானையை வழிச்சுத் தின்னு இங்க வந்து கெடக்கேனே'ன்னு அப்படி அழுதா. அந்தப் பேச்சை எடுக்கவே மனசு வரலைக்கா. அதான் மிச்சத்துல அவ கை வைக்கிறதுக்குள்ள நான் காலி பண்ணிடுறேன்."

 

சாயங்காலம் அஞ்சலை ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளந்தாள். முருகா என்று சொல்லிக்கொண்டே உழக்கால் அளந்து போட்டவள், மேலே ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். நின்று பார்த்துவிட்டு இன்னொரு கைப்பிடியும் போட்டாள்.

"எதுக்குடி இவ்வளவு? எனக்குப் பயந்தா? நான் ஒரு தோசை தின்னா போதும்."

"உங்களுக்கு இல்ல மதினி." அஞ்சலை வாசல் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "தினமும் பானையில ஒரு பருக்கை மிச்சமில்லை. வேலைக்குப் போற மனுசன், அவருக்கு வயிறு நிறையலை. எனக்கு உடம்பு முடியலைன்னு, கூட ஆக்கச் சொல்லிக் கேக்கக் கூச்சப்படுறாரு. அதான் நானே நாளுக்கு நாள் ஒரு பிடி, ரெண்டு பிடின்னு கூட்டிக்கிட்டே வர்றேன்."

மூக்கம்மா அவள் கையிலிருந்த உழக்கை வாங்கிக் கீழே வைத்தாள். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தம்பி, உள்ள வா. எங்கிட்டச் சொன்னதை இவகிட்டச் சொல்லு."