பச்சைத் திரைச்சீலை

அம்மா மறுபடியும் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் சுவரில் தோளைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மார்பு துருத்தி போல ஏறி இறங்கியது.

"கடிகாரம் நிக்காதும்மா. முடியும்போது நடங்க," என்றாள் டெக்னீஷியன் பெண். நோயாளியைத் தன் வேகத்துக்கு இழுத்துவிடக் கூடாதென்று ஓரடி பின்னாலேயே வருபவள்.

அம்மாவின் விரலில் மாட்டியிருந்த, ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியை எட்டிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தாளில் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

அவ்வளவு மோசமா என்று மகன் கிட்டே வந்தான்.

பஞ்சாலைத் தூசு தின்ற நுரையீரல் அது. அதை வைத்துக்கொண்டு, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் தனியாகத்தான் இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மகன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த நடைப் பரிசோதனைக்கு இதுவரை ஒவ்வொரு தடவையும் அவளாகவே வந்து போய்க்கொண்டிருந்தாள். இன்றைக்கு மகன் லீவு போட்டுக் கூட வந்திருந்தான். "ஆறு நிமிஷ வேலைதான்," என்று வழியில் சொல்லியிருந்தாள்.

தாழ்வாரக் கோடியில் அடையாளத்துக்கு வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றித் திரும்புவதற்குள் நேரம் முடிந்தது. டெக்னீஷியன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"பார்த்தியா?" என்றான் மகன். "சமதரையிலயே மூணு தடவை நின்னே. மாடிப்படியில யாரு பிடிப்பா?"

"கைப்பிடிச் சுவர் பிடிக்கும்."

"வாய்க்கு மட்டும் மூச்சு வாங்காது. சனிக்கிழமை வண்டி வருது, சாமான் ஏத்த."

"உன் பெண்டாட்டிகிட்ட சொல்லிட்டியா?"

"அவ உன் ரூமுக்குத் திரைச்சீலையே மாட்டியாச்சு."

"என்ன கலரு?"

"பச்சை."

"எனக்குப் பச்சை ஆகாது."

மகன் பெருமூச்சு விட்டான். அம்மா அவன் கையைப் பிடித்தாள். "ஏன்டா, ஒருவேளை நான் எங்கேயும் நிக்காம ஆறு நிமிஷம் நடந்துட்டேன்னா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "நடந்துட்டேன்னா, அதுக்கப்புறம் வீடு மாத்துற பேச்சையே எடுக்க மாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா. இதோ, இவங்களே சாட்சி."

சாட்சி தண்ணீர்க் கோப்பையை அம்மாவிடம் நீட்டினாள். "அரை மணி நேரம் உட்காருங்கம்மா. அப்புறம் ரெண்டாவது நடை."

"ரெண்டாவதா?" என்றான் மகன்.

"ஆமா சார். எல்லாருக்கும் ரெண்டு தடவை வைப்போம். முதல் தடவை பழகிக்கிறதுக்கு. ரெண்டுல எது அதிகமோ, அதைத்தான் டாக்டர் எடுத்துக்குவார்."

மகன் அம்மாவின் பக்கம் திரும்பினான். அந்த இரைப்பு போன இடம் தெரியவில்லை. அவள் குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போன தடவை வந்தப்போ நான் எங்கேயுமே நிக்கலைடா," என்றாள் நிமிராமலே. "அப்போ சத்தியம் பண்ண நீ இல்லையே!"