ஆடியில் எடுத்த கார்

அவிநாசி ரோட்டு ஷோரூமில் கண்ணை மூடிப் படுத்தால், வாங்கப்போகும் காரை அரை மணியில் பத்து வருஷம் ஓட்டிப் பார்த்துவிடலாம். நடக்கப்போவது அப்படியே தெரியும்.

மகுடபதி முதலில் பார்த்த கார் மூன்றாம் வருஷமே மலையேற்றத்தில் புகைந்து நின்றது. இரண்டாவது, கைக்கு எட்டும் விலையில் இரண்டே சீட்டு வைத்த சிவப்புக் கார், கோத்தகிரி வளைவுகளில் பனிக்குள் மிதந்து போனது. மேல்மூடியைத் திறந்ததும் பக்கத்தில் மனைவி துளசிமணி முடி பறக்கச் சிரித்தாள். ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அவள்தான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நாலாம் வருஷம் அவன் குனிந்து வைத்தான். அதற்கப்புறம் எல்லா வருஷமும் அவனே வைத்தான். பக்கத்துச் சீட்டில் அவளுக்குப் பதில் காய்கறிப் பை இருந்தது. கார் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

கண் விழித்தபோது துளசிமணி காபியோடு எதிரில் நின்றாள்.

"ஏனுங்க, வண்டி தாங்குமுங்களா?"

"வண்டி தாங்கும்."

"அப்போ ஆடி கழியட்டும். ஆவணியில நல்ல நாள் பார்த்து எடுத்துக்கலாமுங்க."

ஆடியில் ஒரு செருப்புகூட வாங்காதவன் மகுடபதி. விற்பனையாளரிடம் சாவிக்குக் கை நீட்டினான்.

"ஏறு கண்ணு. இப்பவே கோத்தகிரி போலாம்."